கவலை, எஞ்சின், மோட்டார், டிரைவ்: எங்க கிணத்து மேட்டு வரலாறு

போன மாசம் சென்னையிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் எங்க மோட்டார் ரூமுக்குள்ள எட்டிப் பார்த்தார். உள்சுவத்தில் சிவப்புப் பெயின்ட்டில் பெரிசா எழுதி வைத்திருக்கிறேன்: "மெயினை அணைச்சாலும் 15 நிமிசம் மூடியைத் திறக்காதே. மீட்டர் வச்சுப் பாரு."

"அதான் அணைச்சாச்சே, அப்புறம் எதுக்குங்க காத்திருக்கணும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆறு வருசத்துக்கு முன்னாடி எங்க வயர்மேன் அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். பதில் சொல்லணும்னா எங்க அப்பாரு காலத்திலிருந்து ஆரம்பிக்கணும். அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

மாடு நடக்கிற வேகம்

எங்க ஊர் பல்லடம் பக்கம். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. கிணறுதான். அப்பாரு (அப்பாவோட அப்பா) காலத்தில் கவலை ஓட்டித்தான் தண்ணி இறைத்தார்கள். கிணத்து மேட்டில் உருளை, அதன் மேல் வடம், வடத்தின் முனையில் சால், சாலின் அடியில் தோலில் தைத்த தும்பி. இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, சால் மேலே வரும். ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். மாடு பின்னாலேயே நடந்து மேடு ஏறினால் சால் மறுபடி கிணத்துக்குள் போகும்.

அந்த முறையில் வேகத்தை முடிவு செய்தது மாடும் கிணறும்தான். ஊத்து குறைந்தால் அப்பாரு மாட்டை நிறுத்திவிட்டு ஒரு வெத்தலை போடுவார். ஊறிய பிறகு மறுபடி ஓட்டுவார். கிணறு எவ்வளவு கொடுக்குதோ அவ்வளவுதான் எடுப்பது.

ஆபத்து இல்லாமல் இல்லை. அப்பாருவின் வலது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். வடத்துக்கும் உருளைக்கும் நடுவில் போனது. ஆனால் ஆபத்து எங்கே இருக்குன்னு சின்னப் பையனுக்கும் தெரியும். வடம் கண்ணுக்குத் தெரியும், கிணறு கண்ணுக்குத் தெரியும், மாடு மிரண்டால் அதுவும் தெரியும்.

அப்புறம் ஆயில் எஞ்சின் வந்தது. கைப்பிடியைச் சுத்தி ஸ்டார்ட் பண்ணி, பெல்ட் மாட்டி பம்ப்பை ஓட்டுவது. வேட்டியைத் தூக்கிக் கட்டாமல், துண்டை இடுப்பில் இறுக்காமல் பெல்ட் பக்கம் யாரும் போகக்கூடாது என்பது அப்பாருவின் சட்டம். எஞ்சின் நின்னா பெல்ட்டும் நின்னுரும். நின்ன பெல்ட் யாரையும் ஒண்ணும் செய்யாது.

கம்பியில் வந்த வேகம்

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓட ஆரம்பித்தது. அந்தக் கரன்ட் கோயம்புத்தூருக்கு இறங்கின பிறகுதான் பஞ்சாலைகள் வரிசையாக வந்தன. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோயம்புத்தூரிலேயே மின்மோட்டார் தயாரித்தார்கள். இந்தியாவில் தயாரான முதல் மோட்டார் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பிறகு அந்த ஊரே மோட்டாரும் பம்ப்பும் செய்கிற ஊராகிவிட்டது.

எங்க கிணத்துக்கு மோட்டார் வந்தது 1968-ல். அப்பா சொல்வார்: பச்சைப் பொத்தானை அமுக்கினதும் தண்ணி கொட்டினதைப் பார்த்து அப்பாரு ரொம்ப நேரம் பேசவே இல்லையாம். கடைசியில் கவலை மாடுகளைப் பார்த்து, "இனி உங்களுக்கு லீவுடா" என்றாராம்.

அடுத்த வருசங்களில் கரன்ட் எங்களுக்கு அரசியலாகவும் ஆனது. மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். 1970 ஜூனில் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972-ல் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய் கோயம்புத்தூர் சாலைகளையே அடைத்தார்கள். எங்க வண்டியும் போச்சு என்று அப்பா பெருமையாகச் சொல்வார். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது.

மோட்டாரில் ஒரு விசயம் மட்டும் யாருடைய கையிலும் இல்லை. அதன் வேகம். நம்ம ஊர் கரன்ட் ஒரு விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. அதைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்கிறார்கள். இரண்டு துருவ மோட்டாருக்குள் காந்தப்புலம் நிமிசத்துக்கு 3000 சுத்து சுத்தும். மோட்டார் அதற்குக் கொஞ்சம் பின்தங்கி 2850, 2900 என்று ஓடும். கிணத்தில் தண்ணி நிறைஞ்சிருந்தாலும் அடிமட்டத்துக்குப் போயிருந்தாலும் அதே வேகம்தான். அப்பாரு மாதிரி நின்னு வெத்தலை போட அதுக்குத் தெரியாது.

ஆபத்தும் கண்ணிலிருந்து மறைந்தது. கம்பிக்குள் கரன்ட் இருக்கா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் அப்பா தலைமுறை ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டது. மெயினை அணை. ப்யூஸ் கேரியரைப் புடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கோ. டெஸ்டர் வைத்துப் பாரு. லைட் எரியலைன்னா கை வை. இந்த நாலு வரி எத்தனையோ பேர் உயிரைக் காப்பாத்தியிருக்கு. கரன்ட்டை வெட்டினால் மோட்டார் வெறும் இரும்பு, அவ்வளவுதான்.

கூடவே சில கெட்ட வழக்கங்களும் வந்தன. வோல்டேஜ் குறைந்தால் ஸ்டார்டர் விழாமல் இருக்கக் குச்சி வைத்து முட்டுக் கொடுப்பது. மூணு பேஸ் வராத நேரத்தில் கன்டன்சர் பெட்டி மாட்டி இரண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்டுவது. தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். பயிர் காயும்போது யார் கேட்கிறார்கள்?

வேகம் மறுபடி கைக்கு வந்த கதை

கிணறு வத்தி, போர் போட்டோம். முதல் போர் 300 அடி, அடுத்தது 600. ஆறு வருசத்துக்கு முன்னாடி நிலைமை என்னன்னா, 7.5 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் இருபது நிமிசம் ஓடும், தண்ணி அத்துப் போகும். ஒரு மணி நேரம் நிறுத்தணும். மறுபடி இருபது நிமிசம். ஒரு நாளில் எத்தனை தடவை ஸ்டார்ட் ஆகுதோ, அத்தனை தடவை காயில் சூடாகும். இரண்டு வருசத்தில் மூணு தடவை காயில் கட்டினோம்.

பக்கத்து ஊர் நூல் மில்லில் வேலை பார்க்கிற மச்சான்தான் சொன்னார்: "மாப்ள, டிரைவ் போடுங்க. தண்ணி ஊறுற வேகத்துக்கு மோட்டாரை ஓட்டலாம்."

டிரைவ் என்றால் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. வி.எஃப்.டி என்பார்கள். நகரத்தில் இருக்கிற உங்களுக்கும் இது அன்னியமில்லை. உங்க இன்வெர்ட்டர் ஏ.சி, மெட்ரோ ரயில், புது லிஃப்ட், அடுக்குமாடியில் குழாய்க்கு அழுத்தம் கொடுக்கும் பம்ப் எல்லாத்திலும் இதே தத்துவம்தான்.

இதுக்கும் ஒரு வரலாறு உண்டு. மோட்டாரின் வேகத்தை விருப்பப்படி மாத்தணும் என்பது பழைய ஆசை. 1891-ல் அமெரிக்காவில் வார்டு லியோனார்டு என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு மோட்டார் ஒரு ஜெனரேட்டரை ஓட்டும், அந்த ஜெனரேட்டர் இன்னொரு டி.சி மோட்டாரை ஓட்டும். ஒரு வேலைக்கு மூணு இயந்திரம். சுரங்கத்துக்கும் லிஃப்ட்டுக்கும் கட்டுப்படியாகும், விவசாயிக்கு ஆகுமா? 1957-ல் ஜி.இ நிறுவனத்தில் தைரிஸ்டர் என்ற குறைக்கடத்தி ஸ்விட்ச் வந்தது. 1968-ல் டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனம் வி.எல்.டி 5 என்ற டிரைவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வரிசையாகத் தயாரித்து விற்ற முதல் டிரைவ் அது என்கிறார்கள். எங்க கிணத்துக்கு முதல் மோட்டார் வந்த அதே வருசம்!

அதை இன்னும் சின்னதாகவும் விலை மலிவாகவும் ஆக்கிய கருவிக்கு ஐ.ஜி.பி.டி என்று பெயர். அதைக் கண்டுபிடித்த ஜெயந்த் பாலிகா 1948-ல் சென்னையில் பிறந்தவர், 1969-ல் சென்னை ஐ.ஐ.டி-யில் பட்டம் வாங்கியவர். அமெரிக்காவில் ஜி.இ-யில் வேலை பார்த்தபோது, 1980-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த நல்ல ஸ்விட்ச் வேண்டும் என்ற தேவைதான் அதுக்குப் பின்னால் இருந்தது. 2024-ல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கொடுக்கப்பட்டது. எங்க போர் மோட்டார் ஓடுகிற பெட்டிக்குள் அவர் கண்டுபிடிப்பு ஆறு துண்டு இருக்கு.

அந்தப் பெட்டி செய்வது இதுதான். வருகிற மூணு பேஸ் கரன்ட்டை முதலில் டி.சி-யாக மாத்தும். அதைப் பெரிய கன்டன்சர்களில் தேக்கி வைக்கும். பிறகு ஐ.ஜி.பி.டி ஸ்விட்சுகள் அதை வெட்டி வெட்டி, நாம கேட்கிற ஹெர்ட்ஸில் புது ஏ.சி-யாக மோட்டாருக்கு அனுப்பும். நடுவில் தேங்கியிருக்கிற டி.சி எவ்வளவு தெரியுமா? 415 வோல்ட் உள்ளே போனால் கிட்டத்தட்ட 585 வோல்ட். தண்ணித் தொட்டி மாதிரி. குழாயை மூடினாலும் தொட்டியில் தண்ணி இருக்கும்.

அந்த மத்தியானம்

டிரைவ் வந்து இறங்கினது ஒரு சித்திரை மாசம். தென்னை காய்ந்துகொண்டிருந்தது. முப்பது வருசமா எங்க ஊர் மோட்டார் வேலை எல்லாம் பார்க்கிற வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டேன். கூடவே ஒரு கையேடு வந்தது, முழுக்க இங்கிலீஷ். அண்ணனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எனக்கு வரும். நான் படிக்கவில்லை. அவசரம்.

அண்ணன் தனக்குத் தெரிந்த முறையில் ஒழுங்காகத்தான் மாட்டினார். பழைய ஸ்டார்டரையும் கன்டன்சர் பெட்டியையும் கழட்டாமல், டிரைவிலிருந்து வருகிற ஒயரை அதுக்குள் விட்டு மோட்டாருக்குக் கொண்டுபோனார். ஆன் பண்ணினதும் திரையில் ஓவர் கரன்ட் என்று காட்டி நின்றுவிட்டது. அந்தக் கன்டன்சர்தான் காரணம். அது டிரைவ் வெட்டி அனுப்புகிற கரன்ட்டை அப்படியே உறிஞ்சும். அதைக் கழட்டி நேராகக் கொடுத்தோம். மோட்டார் ஓடியது, ஆனால் தண்ணி ஒழுகின மாதிரி வந்தது. திசை மாறிச் சுத்துது.

திசை மாறினால் உள்ளே வருகிற மூணு ஒயரில் இரண்டை மாத்திப் போடுவது எங்க வழக்கம். அண்ணன் அதைச் செய்தார். மாறவே இல்லை. எப்படி மாறும்? உள்ளே போனது டி.சி ஆகித்தான் வெளியே வருது. மாத்த வேண்டியது மோட்டாருக்குப் போகிற ஒயரை. "அப்ப அந்தப் பக்கம் மாத்திரலாம் தம்பி" என்றார்.

மெயினை அணைத்தார். ப்யூஸ் கேரியரைப் புடுங்கி எங்கிட்டக் கொடுத்தார். டெஸ்டரை உள்வரும் மூணு முனையிலும் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. திரையும் அணைந்திருந்தது. அப்பா தலைமுறை சொல்லிக்கொடுத்த நாலு வரியில் ஒண்ணையும் விடவில்லை. மூடியைக் கழட்டி ஸ்க்ரூட்ரைவரை உள்ளே விட்டார்.

மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யூ முனைகளுக்குப் பக்கத்திலேயே டி.சி-யின் இரண்டு முனைகளும் இருந்தன. ஸ்க்ரூட்ரைவர் நழுவி அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. ரூம் முழுக்க வெளிச்சம், வெடிச் சத்தம். அண்ணன் சுவத்தில் போய் மோதி உட்கார்ந்துவிட்டார். ஸ்க்ரூட்ரைவர் நுனி உருகியிருந்தது. வலது கையில் இரண்டு விரல் தீய்ந்திருந்தது. கண்ணில் ஒண்ணும் ஆகவில்லை. அவர் விரல் அந்த முனைகளில் பட்டிருந்தால் இந்தப் பதிவே வேற மாதிரி இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுத் திரும்பும்போது வண்டியில் சொன்னார்: "கரன்ட்ட வெட்டுனா செத்துப் போச்சுன்னுதானே தம்பி இத்தன வருசமா இருந்தேன்."

அன்னிக்கு ராத்திரிதான் கையேட்டைப் படித்தேன். முதல் பக்கத்திலேயே கறுப்புக் கட்டத்துக்குள் இருந்தது. அணைத்த பிறகு 10 நிமிசம் காத்திரு, டி.சி முனைகளில் மீட்டர் வைத்து அளந்து பார், பிறகு தொடு என்று. பெட்டியின் மேலேயும் இதே வாசகம் ஒட்டியிருந்தது. உள்வரும் முனையில் டெஸ்டர் எரியாததுக்கும் காரணம் இருக்கு. உள்ளே இருக்கிற டையோடுகள் கரன்ட்டை ஒரு பக்கம்தான் விடும். தொட்டி நிறைய இருந்தாலும் வந்த வழியில் ஒரு சொட்டுத் திரும்பாது. அண்ணன் டெஸ்டர் வைத்தது சரியான இடம்தான், பழைய மோட்டாருக்கு. தப்பு எங்கிட்ட இருந்தது. படிக்கத் தெரிந்தவன் நான்தானே.

இப்போ எப்படி மாட்டியிருக்கோம்

டிரைவ் வேலை தெரிந்த, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருத்தரைக் கூட்டிவந்து எல்லாத்தையும் புதுசாகச் செய்தோம். அண்ணனும் கூடவே இருந்தார். அப்போ நாங்க கத்துக்கிட்டதை எழுதுகிறேன். இதைப் பார்த்து நீங்களே மாட்டுங்க என்பதுக்காக இல்லை. உங்க வீட்டிலோ பட்டறையிலோ ஆள் வந்து மாட்டும்போது என்ன கேட்கணும்னு தெரியணும், அதுக்காக.

டிரைவ் வாங்கும்போது குதிரைத்திறனை மட்டும் பார்க்கக்கூடாது. மோட்டார் பெயர்த் தகட்டில் இருக்கும் ஆம்பியர்தான் முக்கியம். அதே குதிரைத்திறன் உள்ள சாதாரண மோட்டாரை விட நீர்மூழ்கி கூடுதல் ஆம்பியர் இழுக்கும். அந்த ஆம்பியர், வோல்ட், ஹெர்ட்ஸ் எல்லாத்தையும் டிரைவில் பதிவு செய்தால்தான் அது மோட்டாரைக் காப்பாத்தும்.

உள்ளே வரும் கரன்ட்டுக்குக் கையேட்டில் சொன்ன அளவில் பிரேக்கரோ ப்யூஸோ வேண்டும். உள்வரும் ஒயர் ஆர், எஸ், டி முனையில், மோட்டார் ஒயர் யு, வி, டபிள்யூ முனையில். மாறிப் போய் மெயின் கரன்ட் மோட்டார் முனைக்குப் போனால் டிரைவ் அங்கேயே செத்துரும். டிரைவ் கெட்டால் நேரடியாக ஓட்ட பைபாஸ் வேண்டும் என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாத மாதிரி சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் வேண்டும்.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் கன்டன்சர் கூடவே கூடாது. காயில் நல்லாயிருக்கா என்று மெக்கர் வைத்துப் பார்க்கணும்னா, மோட்டார் ஒயரை டிரைவிலிருந்து கழட்டிவிட்டுத்தான் பார்க்கணும்.

எர்த் எங்க ஊரில் எல்லாரும் அலட்சியம் செய்வது. எங்க எர்த் பைப் துருப்பிடித்துப் போயிருந்தது. புதுசாகக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, அளந்து பார்த்து, மோட்டாரின் எர்த்தை டிரைவின் எர்த் முனைக்கே கொண்டுவந்தோம். டிரைவ் வேலை செய்யும்போது எர்த் வழியாகக் கொஞ்சம் கசிவு கரன்ட் எப்பவும் போகும். அதனால் வீட்டில் போடுகிற சாதாரண இ.எல்.சி.பி சும்மா சும்மா விழும். உடனே எர்த்தைக் கழட்டிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அது கொலை செய்வதுக்குச் சமம். டிரைவுக்கு ஏத்த வகை வாங்கணும்.

எங்க கேபிள் 180 மீட்டருக்கு மேல். டிரைவிலிருந்து வருவது வெட்டி வெட்டி வரும் கரன்ட். நீளமான கேபிளின் முனையில் அது எதிரொலித்து வோல்டேஜ் எகிறும், காயில் இன்சுலேசன் போகும். அதுக்கு வெளிவரும் பக்கம் ஒரு ஃபில்டர் போட்டோம். டிரைவ் விலையோடு பார்த்தால் சின்ன செலவு இல்லை. ஆனால் அதுக்குப் பிறகு இதுவரை காயில் கட்டவில்லை.

ஹெர்ட்ஸை இஷ்டத்துக்குக் குறைக்கவும் முடியாது. பம்ப் தண்ணியைத் தள்ளும் உயரம் வேகத்தின் இருமடிக்கு ஏத்த மாதிரி குறையும். 50 ஹெர்ட்ஸில் அதிகபட்சம் 700 அடி தள்ளக்கூடிய பம்ப், 40-ல் 448 அடிதான் தள்ளும். தண்ணி அதுக்குக் கீழே இருந்தால் மோட்டார் சும்மா சுத்திச் சூடாகும், ஏன்னா மேலே ஓடுகிற தண்ணிதான் அதைக் குளிர வைக்குது. நாங்க 44-க்குக் கீழே இறங்காத மாதிரி பூட்டு வைத்திருக்கோம். கரன்ட் வந்ததும் தானாக ஓடுகிற ஆட்டோ வசதியையும் எடுத்துட்டோம். யாராவது உள்ளே கை வைத்திருக்கும்போது ஓடக்கூடாதில்லையா?

பெட்டிக்கு மேலேயும் கீழேயும் காத்துப் போக இடம் விட்டிருக்கோம். பல்லி, எறும்பு நுழையாமல் இரும்புக் கேபினட். தகரக் கூரைக்குப் பதில் ஓடு.

இப்போ மோட்டார் 44-லிருந்து 46-க்குள்ள, கரன்ட் இருக்கிற நேரம் முழுக்க நிதானமா ஓடுது. ஊறுகிற தண்ணியும் எடுக்கிற தண்ணியும் ஏறக்குறைய சரியா இருக்கு. அப்பாரு கவலை ஓட்டின மாதிரிதான்.

சுவத்தில் எழுதினது நான். கையேட்டில் 10 நிமிசம்னுதான் இருக்கு. 15 என்று எழுதச் சொன்னவர் வயர்மேன் அண்ணன். "நம்ம ஆளுக பதினஞ்சுன்னாத்தான் பத்தாவது நிற்பாங்க தம்பி" என்றார். இப்போ அவர் பையில் டெஸ்டரோடு ஒரு மல்டிமீட்டரும் இருக்கு. எங்க போனாலும் முதலில் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, மூடி பக்கம் போகாமல் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு வெத்தலை போடுகிறார்.

உங்க அடுக்குமாடி பம்ப் ரூமில் இப்படி ஒரு பெட்டி இருந்தால், அதை வந்து பார்க்கிறவருக்கு அதன் மேல் ஒட்டியிருக்கிற இங்கிலீஷ் படிக்க வருமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்க. வராதுன்னா, பக்கத்திலேயே தமிழில் எழுதி ஒட்டிவிடுங்க.